நாற்பத்தொரு நிமிஷம்

ஜூன் 9

பொடிசின் அப்பாவுக்கு,

இனிமேல் போனில் பேச வேண்டாம். பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்கிறீர்கள், கடைசியில் பொடிசு ஓடிவந்து என் வாயைக் கையால் பொத்துகிறாள். எழுதுங்கள். எழுதிவிட்டால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மறுநாள் மாற்ற முடியாது. சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவள் பையில் கடிதத்தை வைத்தும் அனுப்பாதீர்கள். ஆறு வயதுதான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். தபாலில் போடுங்கள்.

நாங்கள் இருப்பது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், ஒரு டீச்சர் வீட்டு மாடியில். ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். என் லேப் வாசலுக்கு நடந்து ஏழு நிமிஷம். பாருங்கள், பஸ் டிப்போவில் டைம்டேபிள் போடுகிற மனுஷனோடு ஒன்பது வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கும் எல்லாம் நிமிஷத்தில்தான் வருகிறது.

நான் ஏன் போனேன் என்று உங்கள் அக்கா கேட்டதற்கு "கோவத்துல போயிட்டா" என்றீர்களாம். கோபம் எனக்குப் பதினான்கு மாதமாக இருக்கிறது, அதற்காகவா வந்தேன்? பல்லுக்காக வந்தேன். அன்று வெள்ளிக்கிழமை, இரண்டாம் ஷிஃப்ட் வாரம். வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா, "பல்லை என்ன பண்ணீங்க? பத்திரமா எடுத்து வச்சீங்களா?" என்றாள். "எந்தப் பல்லு?" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. செவ்வாய்க்கிழமையே பொடிசுக்கு முதல் பல் விழுந்துவிட்டது. தெருவுக்கே தெரியும். நான் இரவு பதினொன்றுக்கு வரும்போது அவள் தூங்குகிறாள். காலையில் "அம்மா தூங்கட்டும்" என்று நீங்கள் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்விடுகிறீர்கள். முதல் ஷிஃப்ட் வாரமோ கேட்கவே வேண்டாம். நாலு நாற்பதுக்கு நான் வீட்டைவிட்டு இறங்கும்போது காக்காய்கூட எழுந்திருக்காது.

போன மாதம் தூக்கக் கலக்கத்தில் இரண்டு பேர் ரத்தக் குழாயில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். மெஷினில் போடுவதற்கு முன்னால் சீஃப் பார்த்துவிட்டார். "இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் மேல எழுதித்தான் குடுக்கணும்மா" என்றார். இதை உங்களிடம் சொல்லவில்லை. சொல்ல எப்போது நேரம் இருந்தது?

வீடு பார்த்த அன்று நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். இந்த ஆஸ்பத்திரித் தெருவில் இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஊருக்கு வெளியே அதே விலையில் நாலு அறை, முன்னால் மண், மேலே மொட்டை மாடி. நான் மாடி வீட்டைக் கேட்டேன். நீங்கள் தரகர் முன்னாலேயே, "எதுக்குப் புறாக்கூட்டுல போயி அடையணும்? நேர் பஸ் இருக்கு. நாப்பத்தொரு நிமிஷம்" என்றீர்கள். பஸ் விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு மறு பேச்சு உண்டா? தலையாட்டினேன். குடிவந்த மறுநாள் ஸ்டாப்பில் நின்றால் நேர் பஸ்ஸைக் காணோம். "பாலத்துல வேலை நடக்குது, நிறுத்தி வச்சிருக்காங்க, திரும்ப விட்டுருவாங்க" என்றீர்கள். பதினான்கு மாதமாக இரண்டு பஸ் மாறி ஒன்றே முக்கால் மணி நேரம், சந்தை முனையில் காத்துக் கிடந்தால் இரண்டு மணி நேரம். அந்தப் பாலத்தின் மேல் தினமும் மணல் லாரி போகிறது. பஸ் மட்டும் போகவில்லை.

ஒரே கேள்வி. அந்த பஸ்ஸை எந்தத் தேதியில் நிறுத்தினார்கள்? ஊரில் ஓடுகிற பஸ் எல்லாம் உங்கள் விரல் நுனியில். தேதியை எழுதுங்கள். அது தெரிந்த பிறகு வீடு திரும்புவதைப் பற்றி யோசிக்கிறேன்.

பொடிசின் அம்மா


ஜூன் 15

ராங்கிக்காரிக்கு,

உன் கடிதம் மூன்றாம் நாள் வந்தது. தபால் ஆபீசில் டைம்டேபிள் போட ஆள் இல்லை போலிருக்கிறது.

பல் விஷயம் என் தப்பு. செவ்வாய்க்கிழமை சொல்ல நினைத்தேன், நீ செத்த பாம்பாகக் கிடந்தாய். எழுப்ப மனசு வரவில்லை. பல்லைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், மேஜை டிராயரில், பேனா மூடிக்குள்.

மற்றபடி நீ ஒரு பக்கக் கணக்கையே சொல்கிறாய். புறாக்கூண்டில் மாதா மாதம் பராமரிப்பு என்று பிடுங்குவார்கள். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மேல் வீட்டுக்காரன் நாற்காலியை இழுத்தால் நம் தலையில் சத்தம். இங்கே பொடிசு சைக்கிள் விடக் கற்றுக்கொண்டது எந்த இடத்தில்? நம் வீட்டு முன்னால், நம் மண்ணில். எங்கப்பா ஆயுசு முழுக்க எட்டு வாடகை வீடு மாறினார். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும். இந்தச் சுவரில் நான் அடித்த ஆணிகளை எண்ணிப் பார். முப்பத்திரண்டு.

நீயும் கொஞ்சம் சாமர்த்தியமாகப் போகலாம். நாலு நாற்பதுக்குப் பதில் நாலு முப்பத்தைந்துக்குக் கிளம்பினால் சந்தை முனையில் முந்தின பஸ் கிடைக்கும். எத்தனை தடவை சொன்னேன்.

நாற்பத்தொன்று சரியான கணக்குதான். நானே அளந்தது. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அந்தச் சின்ன ஸ்பேனரை எங்கே வைத்தாய்?


ஜூன் 22

ஸ்பேனர் மாடிப்படிக்குக் கீழே, பழைய பெயின்ட் டப்பாவில்.

தேதியைக் கேட்டேன், ஆணிக் கணக்கை எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. எனக்கு வேறு இடத்தில் பதில் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் சர்க்கரை டெஸ்ட்டுக்கு ஒரு டிரைவர் வந்தார். காக்கிச் சட்டையில் உங்கள் டிப்போ பேட்ஜ். வெறும் வயிற்றோடு வந்தவர், ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பயம் தெரியாமல் இருக்க நாங்கள் எதையாவது பேச்சுக் கொடுப்பது வழக்கம். ரப்பர் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டே கேட்டேன், "ஏண்ணே, ஊருக்கு வெளியிலேர்ந்து கால்வாய் ரோடு வழியா இங்க ஒரு நேர் பஸ் போயிட்டிருந்துச்சே, அதை எப்ப நிறுத்தி வச்சாங்க?"

அவர் கண்ணைத் திறந்துவிட்டார். "எழுபத்திரண்டா? நிறுத்தி வச்சாங்களா? ஓடினாத்தானேம்மா நிறுத்த முடியும்! அது நிமிஷம் சாரு பேப்பர்ல போட்ட பஸ்ஸு. ரெண்டு வருஷமா ஃபைலுக்குள்ளதான் ஓடுது" என்று சிரித்தார். உங்களை டிப்போவில் 'நிமிஷம் சார்' என்று கூப்பிடுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல பெயர்.

நரம்பு கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக ஒருத்தருக்கு மூன்று இடத்தில் குத்தினேன். பாவம், அந்த மனுஷன், "பரவால்லம்மா, பரவால்லம்மா" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நீங்கள் ஒரு பஸ்ஸையே மறைத்திருக்கிறீர்கள். இன்னொன்றையும் இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். அந்த வீட்டிலிருந்து உங்கள் டிப்போவுக்கு ஸ்கூட்டரில் எவ்வளவு நேரம்? பன்னிரண்டு நிமிஷம். அதை மட்டும் தரகர் முன்னால் சொல்லவில்லை.

அந்த டிரைவர் சொன்னது பொய் என்று எழுதினால் நம்பத் தயாராக இருக்கிறேன். இன்னமும்.


ஜூலை 3

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அவர் சொன்னது பொய்யில்லை. எழுபத்திரண்டு ஒரு நாளும் ஓடவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். மற்றவர்கள் போட்ட ரூட்டில் ஐந்து நிமிஷம் கூட்டுவதும் மூன்று நிமிஷம் குறைப்பதும்தான் என் பிழைப்பு. கால்வாய் ரோடு போட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த வழியாக விட்டால் சந்தை முனையே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி வாசல். ஒரு விடுமுறை நாளில் நானும் ஒரு டிரைவரும் டிப்போவிலிருந்து காலி பஸ் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆள் ஏறி இறங்குகிற நேரம் நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம். ஆறு தடவை. நாற்பத்தொன்று. மேலதிகாரி பார்த்துவிட்டு, "பிரமாதம்யா, அடுத்த மாசம் உத்தரவு வந்துரும்" என்று முதுகில் தட்டினார். எனக்கு அப்படி யாரும் தட்டியதில்லை.

வீடு பார்க்கப் போனபோது அந்த அடுத்த மாதம் வந்துவிட்டது என்றே என் மனசில் இருந்தது. கடைசி ஸ்டாப் எங்கே என்று போட்டிருந்தேன் தெரியுமா? நம் வீட்டு வாசலுக்கு எதிரில். என் பஸ் கிளம்புகிற இடத்தில் என் வீடு. ஆசை வெட்கமறியாது என்பார்கள். 'இருக்கு' என்று வாயில் வந்துவிட்டது. 'வரும்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ தலையாட்டியிருக்க மாட்டாய். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பிறகு மேலதிகாரி மாறிப் போனார். ஃபைல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு மாதமும் 'இந்த மாதம் வந்துவிடும், இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்' என்று இருந்தேன். நாலு நாற்பதுக்கு நீ கதவைச் சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்கும். தூங்குவது போலப் படுத்திருப்பேன்.

பன்னிரண்டு நிமிஷமும் உண்மைதான். அதை நான் நினைக்கவில்லை என்றால் நீ நம்ப மாட்டாய்.

வீட்டை விற்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஃபைல் மறுபடி அசைந்திருப்பதாகக் கேள்வி.


ஜூலை 10

உண்மையை எழுதியதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம், டீச்சர் சொல்கிறாள். நன்றி.

இன்னொருத்தி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். போய் அவள் முடியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன், தெரு கூடியிருக்கும், ஆத்திரம் தீர்ந்திருக்கும். பஸ்ஸுக்கு முடியை எங்கே பிடிப்பது? காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு, சரி. ஆனால் உங்களுக்கு நிஜமாகவே ஒரு குஞ்சு இருக்கிறதே, அதற்குப் பல் விழுந்த அன்று அம்மா எங்கே என்று நினைத்தீர்களா?

நான் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை எழுதாமலே விட்டிருக்கலாம்.

அந்த மாடி வீட்டை விசாரித்தேன். எங்கள் மருந்துக் கடைக்காரர் வாங்கிவிட்டார். இப்போது அந்த விலைக்கு இந்தத் தெருவில் சமையலறைகூடக் கிடைக்காது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள். இரண்டையும் உங்களோடுதான் பார்த்தேன்.

வீட்டை விற்கச் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். வந்து இந்த அறையில் எங்களோடு இருங்கள். இங்கிருந்து டிப்போவுக்கு, நான் போன அதே இரண்டு பஸ்ஸில் போய் வாருங்கள். பதினான்கு மாதம் வேண்டாம். பதினான்கு நாள். பதினைந்தாம் நாள் நானே மூட்டை கட்டிக்கொண்டு உங்களோடு வருகிறேன்.


ஆகஸ்ட் 19

உன் அறைக்கு வந்துவிட்டு ஐந்தாம் நாளே சொல்லாமல் வீட்டுக்குப் போனது தப்புதான். பொடிசு தூங்கட்டும் என்று எழுப்பவில்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நாலு நாளில் இரண்டு நாள் ஆபீசுக்கு லேட். உள்ளே நுழைந்ததும் மொத்த செக்ஷனும் எழுந்து நின்று, "நிமிஷம் சாரே லேட்டா!" என்று கை தட்டினார்கள். பியூன்கூடத் தட்டினான். உன் சந்தை முனையில் நிற்க இடமில்லை, உட்கார இடமில்லை, மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. அங்கே நிழற்குடை கேட்டு யாராவது எழுதிப் போட்டார்களா என்று ஃபைலைப் பார்த்தேன், இல்லை. மூட்டு வலி வேறு. நீ சின்னவள், உன்னால் முடிந்தது.

அதை விடு. இப்போது நான் எழுதுவதைக் கேட்டால் நீ துள்ளிக் குதிப்பாய். கையெழுத்தாகிவிட்டது! செப்டம்பர் ஒன்று முதல் எழுபத்திரண்டு ஓடுகிறது. உத்தரவை என் கண்ணால் பார்த்தேன், அடியில் என் பெயர்கூடப் போட்டிருக்கிறார்கள். இனி நான் பொய்யன் இல்லை. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து முதல் பஸ் மதியம் இரண்டு இருபதுக்கு. உன் முதல் ஷிஃப்ட் முடிந்து கை கழுவிவிட்டு வர இருபது நிமிஷம் போதும் என்றுதான் அப்படிப் போட்டேன். நான் நம் வாசல் ஸ்டாப்பில் நிற்பேன். அதில் வா. நீ அந்தப் படியில் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு அது போதும்.


செப்டம்பர் 1

நாற்பத்தொன்று! ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, ஒரு நிமிஷம் குறையவும் இல்லை. மூன்று மணி ஒரு நிமிஷத்துக்கு வந்து நின்றான்.

நீ வரவில்லை. இவ்வளவு நடந்தும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன்னால் வர முடியவில்லை. மதியத்திலிருந்து அங்கேயே நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். ஏறிப் பின் சீட்டு வரை பார்த்துவிட்டுத்தான் மனசு விட்டது. நான் செய்தது தப்பு, நூறு தடவை ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஆனால் மனுஷன் நாக்கால் சொன்னதைக் கடைசியில் நடத்திக் காட்டியிருக்கிறான். அதைப் பார்க்கக்கூட உனக்கு மனசில்லை. ராங்கிக்கும் ஒரு அளவு உண்டு.


செப்டம்பர் 4

பொடிசின் அப்பாவுக்கு,

நான் வந்தேன்.

இரண்டு பத்துக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டேன். பொடிசைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரச்சொல்லி டீச்சரிடம் சொல்லியிருந்தேன். முதலில் நான் போய்ச் சேருகிறேன், சனிக்கிழமை அவள் வரட்டும் என்று எண்ணம். பையில் இரண்டு புடவை, பல் துலக்கும் பிரஷ், வாசல் சாவி. நாலு நாளாவது வந்து கஷ்டப்பட்டாரே, நாம் என்ன குறைந்துவிடுவோம் என்று எனக்கே நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் பஸ் நன்றாக இருக்கிறது. கால்வாய்ப் பக்கம் ஜன்னல் சீட்டில் காற்று வருகிறது. உட்கார்ந்துகொண்டே போகலாம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பாதி வழியில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னதாகும்.

மூன்று மணி ஒரு நிமிஷத்துக்கு வந்து நின்றது, நீங்கள் எழுதியபடியே. இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றீர்கள். என் சீட்டு பின்னால், உங்கள் பக்கம் பார்த்த ஜன்னல். உங்கள் தலை குனிந்திருந்தது. கையில் வாட்ச். கதவு திறந்தது, உங்கள் தலை நிமிரவில்லை. நோட்டை எடுத்து எழுதினீர்கள். ஐந்து பேர் இறங்கினார்கள். ஒரு கிழவர் ஸ்டாப் பெயரை உங்களிடம் கேட்டார், பார்க்காமலே கை காட்டினீர்கள். பிறகு நேரே முன்னால் டிரைவரிடம் போய், "நாப்பத்தொண்ணு! பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். நீங்கள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. பொடிசு பிறந்த அன்றும் பார்த்ததில்லை.

கடைசி ஸ்டாப்பில் பஸ் நாலு நிமிஷம் நிற்க வேண்டும் என்று நீங்கள்தான் போட்டீர்களாம், கண்டக்டர் சொன்னார். அந்த நாலு நிமிஷமும் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். ஜன்னல் வழியாகக் கூப்பிட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. "எறங்கலையாம்மா? இதான் கடைசி" என்றார் கண்டக்டர். "திரும்பிப் போறதுக்கு ஒரு டிக்கெட் குடுங்கண்ணே" என்றேன்.

நீங்கள் பஸ்ஸில் ஏறவே இல்லை. பின் சீட்டில் நான் இருந்தேன்.

வாசல் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். வீட்டை விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். சனிக்கிழமைகளில் பொடிசு வருவாள், எழுபத்திரண்டிலேயே டீச்சர் கொண்டுவந்து விடுவாள். அவள் பல்லை மட்டும் அந்தப் பேனா மூடியோடு கொடுத்தனுப்புங்கள்.

திரும்பி வர நாற்பத்து மூன்று நிமிஷம் ஆனது. அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.